பாலும் சோறும்

அறிந்தவன் ஒருவன் தான் அறிந்ததை அறியாதவருக்கு எடுத்துச் சொல்லப் புகுங்கால், முழுவதையும் சொல்லக் கடமைப்பட்டவனா? அன்றி, அவர்களால் தாங்கக்கூடியது இவ்வளவே என்று தானே தீர்மானித்து, அவ்வளவை மட்டும் சொல்லும் உரிமையுடையவனா? ஆசிரியத் தொழில் புரிவோர் எவரும் இக்கேள்வியைத் தவிர்த்துவிட முடியாது. பாடநூலைச் சுருக்கிக் கரும்பலகையில் எழுதும் ஒவ்வொரு நாளும் நாம் இதற்கு ஒரு விடை அளித்துக்கொண்டே இருக்கின்றோம். அளிக்கின்றோம் என்பதை உணராமலே அளிக்கின்றோம் என்பதுதான் வருந்தத்தக்கது.

கேள்வி புதியதன்று. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஜோர்ஜிய நாட்டுத் துறவிகள் மூவர், ஒருவர்பின் ஒருவராக, இதற்கு வெவ்வேறு விடை கண்டனர். கிரேக்க மொழியிலிருந்த சமய நூல்களைத் தம் மக்களின் மொழிக்குக் கொண்டுவருவதையே வாழ்நாட் பணியாகக் கொண்ட மொழிபெயர்ப்பாளர்கள் அவர்கள். அந்நூல்களின் கொள்கைகளை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். ஆயின், அறிவுக்கும் மக்களுக்கும் இடையே நிற்பவன் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பது குறித்து அவர்களது வாழ்க்கை நமக்குக் கற்பிப்பன பல. மூவருள் நடுவராகிய கியோர்கி என்பாரை மையமாகக் கொண்டு அவற்றை நோக்குவோம்.

1

கியோர்கியை விளங்கிக்கொள்வதற்கு அவருக்கு முன்னவராகிய யூத்திமியஸை முதலில் அறிதல் வேண்டும். ஜோர்ஜியர் அவரை எக்வ்திமே என்பர்.

955ஆம் ஆண்டளவில், ஜோர்ஜியாவின் தென்மேற்கிலிருந்த தாவோ நாட்டுப் பிரபுக் குடும்பமொன்றிற் பிறந்தவர் அவர். அண்டையிலிருந்த பைசாந்தியப் பேரரசு வலிமை மிக்கது. ஜோர்ஜியச் சிற்றரசுகளோ அதன் தயவை நாடி நின்றவை. பிரபுக்களின் மைந்தர்களைப் பணயமாகப் பேரரசின் தலைநகருக்கு அனுப்பும் வழக்கம் அக்காலத்திலிருந்தது. சிறுவன் யூத்திமியஸும் அவ்வாறு கொன்ஸ்தாந்திநோப்பிளுக்குக் கொண்டுசெல்லப்பட்டான். உலகைத் துறந்து துறவியாகிவிட்ட தந்தை யோவானே, மகனை மீட்பதற்காக அந்நகருக்குச் சென்றார். மீட்கவும் செய்தார். ஆயின் மீண்டு வந்த மகன் கிரேக்கம் நன்கு பேசினான். தாய்மொழி அவன் நாவில் தடுமாறிற்று.

பின்னாளில் கியோர்கி எழுதிய வரலாறு இவ்விடத்தில் ஓர் அற்புதத்தைக் கூறுகின்றது. கடும் நோயுற்றுக் கிடந்த அவ்விளைஞன் தேவமாதாவின் அருளாற் குணமடைந்தான் என்றும், அன்றுதொட்டு ஜோர்ஜிய மொழி ஊற்றுநீர்போல அவன் வாயிற் பெருகிற்று என்றும் அது சொல்லும். அற்புதத்தை நம்புவோர் நம்புக. அந்த அற்புதம் எக்குறையைப் போக்க வேண்டியிருந்தது என்பதே நாம் கவனிக்க வேண்டியது. பேரரசின் பணயமாகப்போன பிள்ளை மொழியை இழந்து திரும்பிற்று என்பது அக்கதையின் உள்ளே கிடக்கும் உண்மை.

தந்தையும் மகனும் கிரேக்க நாட்டின் ஆதோஸ் மலையை அடைந்து, அதனாசியுஸ் என்பார் 963இல் நிறுவிய பெருமடத்திற் சேர்ந்தனர். தோர்னிக்கே என்னும் ஜோர்ஜியப் படைத்தலைவரும் போர்த்தொழிலை விட்டு அங்கே துறவியாகியிருந்தார். அக்காலத்திற் பார்தாஸ் ஸ்கிலேரோஸ் என்னும் தளபதி, இளைஞனாயிருந்த பேரரசன் இரண்டாம் பசீலுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தான். தலைநகரமே நடுங்கிற்று. துறவி தோர்னிக்கேயை மடத்திலிருந்து வரவழைத்து, தாவோ மன்னன் தாவீதிடம் தூதனுப்பினர். மன்னன் 12,000 குதிரை வீரரைக் கொடுத்தான். 979இற் கிளர்ச்சி முறியடிக்கப்பட்டது. வெற்றியாற் கிடைத்த பொன்னையும் பேரரசனின் கொடைகளையும் கொண்டு ஆதோஸ் மலையில் ஜோர்ஜியருக்கெனத் தனி மடமொன்று எழுந்தது. கிரேக்கர் ஜோர்ஜியரை ஐபீரியர் என அழைத்தமையால் அது இவிரோன் எனப் பெயர் பெற்றது.

இம்மடத்தின் வரலாற்றைப் பேசுவோர் ஆன்மிகப் பெருமையை மட்டும் பேசிச் செல்வது வழக்கம். போரிற் கிடைத்த பொருளும், பேரரசு வழங்கிய நிலங்களும், அந்நிலங்களில் அடிமைப்பட்டு உழைத்த குடியானவரின் வியர்வையுமே அம்மடத்தின் அடித்தளம் என்பதை நாம் மறத்தலாகாது. ஒரு நூலின் ஏடுகளுக்கு எத்தனையோ ஆடுகளின் தோல் வேண்டும். மொழிபெயர்ப்பாளன் இரவு முழுவதும் விளக்கெரிய அமர்ந்திருக்க வேண்டுமாயின், அவனுக்கு உணவும் எண்ணெயும் விளைவிப்போர் பகல் முழுவதும் வயலில் நிற்க வேண்டும். அவர்களது பெயர்களை எந்தப் புனிதர் வரலாறும் நமக்குச் சொல்வதில்லை. எனவே அந்த அறையில் உருவான அறிவு, உருவாகும்போதே கடன்பட்ட அறிவாகும். அக்கடன் யாருக்கு, எவ்வாறு திருப்பிச் செலுத்தப்பட்டது என்பதே நம் கேள்வியின் மறுபக்கம்.

2

தந்தைக்குப்பின் மடத்தின் தலைமை யூத்திமியஸிடம் வந்தது. ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் அப்பொறுப்பைச் சுமந்தபின், மொழிபெயர்ப்புப் பணிக்காக அதனைத் துறந்தார். 1028 மே 13இல், கொன்ஸ்தாந்திநோப்பிளில், கோவேறு கழுதையிலிருந்து விழுந்ததன் விளைவாக இறந்தார். 160க்கு மேற்பட்ட நூல்கள் அவர் பெயரோடு தொடர்புபடுத்தப்படுகின்றன. அதுவரை ஜோர்ஜிய மொழியில் இல்லாதிருந்த வெளிப்படுத்தல் நூலை முதன்முதலிற் கொண்டுவந்தவர் அவரே. பசீல், கிரகரி, கிறிசோஸ்தம் முதலிய கிரேக்கத் திருச்சபைத் தந்தையரின் எழுத்துக்களையும் மொழிபெயர்த்தார்.

ஆயின் அவர் மொழிபெயர்த்த முறை வியப்பிற்குரியது. மூலத்தில் உள்ளதை உள்ளவாறே தர வேண்டும் என்ற கட்டுப்பாடு அவருக்கில்லை. வேண்டுமிடத்து விரித்தார்; வேண்டாவிடத்துச் சுருக்கினார்; கடினமான வாதங்களை நீக்கினார்; வேறு நூல்களிலிருந்து எடுத்து இடையிற் சேர்த்தார். ஆண்டு முழுவதற்குமான திருநாட்களின் ஒழுங்கைக் கூறும் பெருநூலை மக்களுக்குச் சிறுநூலாக்கிக் கொடுத்தார். திருச்சபைச் சட்டங்களின் தொகுப்பையும் அவ்வாறே சிறுநூலாக்கினார். அது இன்றும் சிறிய சட்டத் தொகுப்பு என்றே வழங்குகின்றது.

அவர் ஏன் இவ்வாறு செய்தார்? அவருக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டின்பின் பணிபுரிந்த மூன்றாமவராகிய எப்ரேம் இதற்கொரு விளக்கம் தந்தார். அக்காலத்தில் நம் மக்கள் அறிவிற் குழந்தைகளாயிருந்தனர். ஆதலால் அப்பெரியார் அவர்களுக்குப் பாலூட்டினார். கூட்டவும் குறைக்கவும் வேண்டிய அருள் அவரிடம் இருந்தது என்பது அவ்விளக்கத்தின் சாரம். குழந்தைக்குப் பால், வளர்ந்தவனுக்குத் திட உணவு என்னும் உவமையை எப்ரேம் விவிலியத்தில் பவுலின் திருமுகத்திலிருந்து பெற்றார்.

இவ்விளக்கத்தில் நியாயம் இல்லாமலில்லை. பிறந்த குழந்தையின் வாயிற் சோற்றைத் திணிப்பவள் நல்ல தாயல்லள். கிரேக்கத் தத்துவ வாதங்களுக்கேற்ற சொற்கள் ஜோர்ஜிய மொழியில் அப்போது போதியவாறு அமைந்திருக்கவில்லை. நூல்களோ மிகச் சில. கிராமத்துக் குருவானவர் ஒருவருக்கு உடனடியாகத் தேவைப்பட்டது, நுணுக்கமான வாதமன்று. வாசித்துக் காட்டத்தக்க தெளிவான பிரசங்கம். எல்லாம் கிடைக்கும் வரை காத்திரு என்பது பசித்தவனிடம் சொல்லத்தக்க வார்த்தையன்று. கிடைத்ததைக் கிடைத்தவாறு முதலிற் கொடுத்தவர் யூத்திமியஸ். அவர் கொடுத்திராவிடின் பின்வந்தோர் திருத்துவதற்கும் எதுவும் இருந்திராது.

இருப்பினும் அக்கூற்றை அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாமல் ஒரு வரலாற்றுண்மை நம்மைத் தடுக்கின்றது. ஜோர்ஜிய மக்கள் உண்மையில் அறிவிற் குழந்தைகளாக இருந்தனரா? யூத்திமியஸ் பிறப்பதற்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அவர்களுக்குத் தமக்கென எழுத்திருந்தது. 5ஆம் நூற்றாண்டின் இறுதியிற் கட்டப்பெற்ற போல்னிசி தேவாலயத்தின் கல்வெட்டு ஜோர்ஜிய மொழியிலேயே பொறிக்கப்பட்டது. அதே நூற்றாண்டில் யாகோப் சுர்தாவெலி என்பார், தன் கணவனின் கொடுமைக்குப் பணியாது சிறையில் உயிர்விட்ட சுஷானிக் என்னும் அரசியின் வரலாற்றை எழுதினார். ஒரு பெண்ணின் உள்ள உறுதியை இத்துணை நேரடியாகச் சித்திரித்த நூலைப் படைத்த மொழி, மழலை பேசிய மொழியன்று.

பின் எவரது கண்ணுக்கு அம்மக்கள் குழந்தைகளாகத் தோன்றினர்? கிரேக்கரின் கண்ணுக்கு. பேரரசின் பார்வையில் எல்லைப்புறத்தார் அனைவரும் கல்வியற்ற காட்டுமக்களே. அப்பேரரசின் கல்வியைப் பெற்றவன், அதனோடு சேர்த்து அதன் கண்ணையும் பெற்றுவிடும் ஆபத்து என்றுமுண்டு. யூத்திமியஸ் தம் மக்களை எவ்வாறு நினைத்தார் என்பதை மற்றொருவரின் விளக்கத்தைக் கொண்டு தீர்மானித்தல் நேர்மையன்று. ஆயின் அவரது செயலுக்கு நியாயம் கூறப் புகுந்தவர்க்கு இவ்வுவமையே முதலில் நாவில் வந்தது என்பது கவனத்திற்குரியது. அந்நியனிடம் கல்வி கற்றுத் திரும்பியவன் தன் மக்களின் அறியாமையை அளக்கும்போது, அளவுகோல் யாருடையது என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்வது அவசியம்.

3

மக்களின் தகுதியைத் தானே அளந்து, அளந்ததைச் சொல்லாமலும் விடுவதால் விளையும் தீங்குக்கு யூத்திமியஸின் பணியிலேயே ஒரு சிறந்த சான்று உண்டு. அது நம் நாட்டவருக்கும் நன்கு பழகிய ஒரு கதையைப் பற்றியது.

கிழவனையும் நோயாளியையும் பிணத்தையும் துறவியையும் கண்டு அரசைத் துறந்த சித்தார்த்தனின் கதையை இலங்கையில் அறியாதார் இலர். இக்கதை இந்தியாவிலிருந்து மேற்கு நோக்கிச் சென்று அரபு மொழியில் நூலாயிற்று. போதிசத்துவர் என்னும் பெயர் அங்கே பூதாசப் ஆயிற்று. அரபு எழுத்தில் ஒரு புள்ளி கூடியதால் அதுவே யூதாசப் ஆயிற்று. அரபிலிருந்து அது ஜோர்ஜிய மொழிக்கு வந்தபோது அரசகுமாரன் கிறிஸ்தவனாகிவிட்டான். அந்த ஜோர்ஜிய நூலை யூத்திமியஸ் கிரேக்கத்தில் ஆக்கினார். அதிலிருந்து 1048ஆம் ஆண்டளவில் இலத்தீன் மொழிபெயர்ப்புத் தோன்றியது. இலத்தீனிலிருந்து ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்கும் கதை பரவிற்று. கௌதம புத்தர், யோசபாத் என்னும் பெயரோடு, கத்தோலிக்கத் திருச்சபையின் புனிதர் பட்டியலில் நவம்பர் 27ஆம் நாளுக்குரியவரானார்.

யூத்திமியஸ் இந்நூலைக் கிரேக்கமாக்கியபோதும் தம் வழக்கப்படியே செய்தார். சிறிய ஜோர்ஜிய நூல், கிரேக்கத்திற் பன்மடங்கு பெருத்தது. விவிலிய வசனங்களும் நீண்ட பிரசங்கங்களும் அதனுட் புகுந்தன. எவற்றை எங்கிருந்து எடுத்தார் என்ற குறிப்பு இல்லை. மொழிபெயர்த்தவர் இன்னார் என்பதும் மறக்கப்பட்டு, நூல் பல நூற்றாண்டுகளாகத் தமஸ்குவின் யோவான் என்பாரின் பெயரில் வழங்கிற்று. யூத்திமியஸ் ஜோர்ஜியத்திலிருந்து கிரேக்கமாக்கிய நூல்களுள் இதுவும் ஒன்று என்று கியோர்கி எழுதி வைத்திருந்தும், ஜோர்ஜிய மொழி அறியாத உலகம் அதனைக் கேட்கவில்லை. விரிவான ஜோர்ஜிய மூலம் எருசலேமிலிருந்த கையெழுத்துப் பிரதியிலிருந்து வெளிப்பட்டு, இலியா அபுலாட்சே என்னும் அறிஞரால் 1957இல் பதிப்பிக்கப்பட்ட பின்னரே பழைய எண்ணம் ஆட்டங்கண்டது. இன்று ஆய்வாளர் பெரும்பாலோர் கியோர்கியின் கூற்றையே ஏற்கின்றனர்.

இன்னும் வியப்பானது ஒன்றுண்டு. 2ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரத்து அறிஞர் அரிஸ்தீதஸ் என்பார் உரோமப் பேரரசனுக்கு எழுதிய நூலொன்று முற்றாக அழிந்துவிட்டது என்றே அறிஞர்கள் நம்பியிருந்தனர். 1889இல் சீனாய் மலை மடத்தில் அதன் சிரிய மொழிபெயர்ப்புக் கண்டெடுக்கப்பட்டது. அதனைப் படித்த அறிஞர் ஒருவர், இச்சொற்களை வேறெங்கோ படித்திருக்கின்றோமே என்று திகைத்தார். அது யோசபாத்தின் கிரேக்கக் கதையினுள்ளே, ஒரு பாத்திரத்தின் வாய்ப்பேச்சாக, நூற்றாண்டுக் கணக்காக எல்லோர் கண்முன்னும் கிடந்திருக்கின்றது!

ஒரு நூலைக் காப்பாற்றியமைக்காக யூத்திமியஸுக்கு நன்றி கூறலாம். ஆயின், இன்ன இடத்தில் இன்னாருடைய நூலைச் சேர்த்தேன் என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்நூல் தொலைந்தே இராது என்பதையும் சொல்ல வேண்டும். வாசகனுக்கு இது தேவையில்லை என்று கருதித்தான் அவர் சொல்லாது விட்டிருப்பார். எழுத்துலகின் அக்கால வழக்கமும் அதுவே. எந்த வாசகனுக்கு எது தேவைப்படும் என்பதை எழுதுகின்றவன் எவ்வாறு அறிவான்? அவன் மனக்கண்ணில் இருந்தவர் அன்றைய கேட்போர். நூலோ ஆயிரம் ஆண்டு கடந்து, அவன் கனவிலும் கருதாத மக்களிடம் சென்றது. தன் கையிலிருந்து புறப்படும் நூல் யாரிடம் சேரும் என்பதை அறியாதவன், அவர்களுக்கெல்லாம் அளவு நிர்ணயிக்கப் புகுதல் அறியாமையின் ஒரு வடிவமேயாகும்.

4

இனிக் கியோர்கியிடம் வருவோம்.

1009இல் திரியலெத்தி என்னும் பகுதியிற் பிறந்த கியோர்கி, சிறுவயதிலேயே மடத்திற் சேர்க்கப்பட்டார். கொன்ஸ்தாந்திநோப்பிளில் பல ஆண்டுகள் வாழ்ந்து கிரேக்கம் கற்றார். அந்தியோக்கியாவுக்கு அண்மையிலுள்ள கருமலையில், குகைத்துறவியாகிய மற்றொரு கியோர்கியிடம் மாணவராயிருந்தார். யூத்திமியஸ் விட்ட பணியைத் தொடர்க என்று அவரை ஆதோஸ் மலைக்கு அனுப்பியவர் அந்த ஆசிரியரே. 1040களின் நடுப்பகுதியில் இவிரோன் மடத்தின் தலைவரானார். பத்தாண்டுகளளவில் அப்பதவியைத் துறந்தார்.

அவர் செய்த பணி, புதிய நூல்களைக் கொண்டுவந்ததோடு முடியவில்லை. யூத்திமியஸ் செய்தவற்றையும், அவருக்கு முற்பட்டோர் செய்தவற்றையும் கிரேக்க மூலத்தோடு வரிவரியாக ஒப்புநோக்கித் திருத்தினார். விடுபட்டதைச் சேர்த்தார். நற்செய்தி நூல்களும் சங்கீதங்களும் அவர் திருத்திய வடிவிலேயே ஜோர்ஜியத் திருச்சபையில் நிலைபெற்றன. யூத்திமியஸ் சிறுநூலாக்கித் தந்த திருநாள் ஒழுங்கைக் கியோர்கி பெருநூலாகவே மொழிபெயர்த்தார்.

தம் முன்னவரின் பிழையைத் திருத்தியவர், அவரை இகழ்ந்தாரா? இல்லை. யோவானே, யூத்திமியஸ் ஆகிய இருவரின் வரலாற்றையும் பேரன்போடு எழுதி அவர்களை மக்கள் மனத்தில் நிலைநிறுத்தியவரும் அவரே. ஒரு கையால் வரலாறு எழுதினார். மறு கையாற் பிழை திருத்தினார். முன்னோரைப் போற்றுவோர் அவர் சொன்னதெல்லாம் முடிந்த முடிபென்பதும், பிழை காண்போர் அவரைத் தூற்றுவதும் நாம் அன்றாடம் காணும் காட்சிகள். போற்றுதலும் திருத்துதலும் ஒரே கடமையின் இரு பகுதிகள் என்பதைக் கியோர்கியின் வாழ்க்கை காட்டுகின்றது. பாலூட்டியவளுக்குச் செலுத்தும் நன்றி, என்றும் பாலையே குடித்துக்கொண்டிருப்பதன்று.

முழுநூலை அறிவதால் ஒரு மக்களுக்கு என்ன பயன் என்று கேட்போருக்கு அந்தியோக்கியாவில் நிகழ்ந்தது விடை கூறும். 1050களின் பிற்பகுதியில், ஜோர்ஜியத் திருச்சபை தன்னாட்சிக்குரியதன்று, அந்நாட்டில் அப்போஸ்தலர் எவரும் போதிக்கவில்லை, ஆதலால் அது அந்தியோக்கியாவுக்கு அடங்கியிருத்தல் வேண்டும் என்று அங்குள்ள பிதாப்பிதா தியோதோசியுஸ் வாதாடினார். கியோர்கி கோபங்கொள்ளவில்லை. அப்போஸ்தலர் அந்திரேயாவின் பயணங்களைக் கூறும் நூலைக் கொணருமாறு கேட்டார். அவர்களது நூல், அவர்களது மொழி. அதிலிருந்தே அந்திரேயா ஜோர்ஜியாவுக்கு வந்து போதித்ததாகக் கூறும் பகுதியை எடுத்துக் காட்டினார். பிதாப்பிதா வாயடைத்துப்போனார். அக்கதை வரலாற்றுண்மையா என்பது வேறு விடயம். ஆள்வோரின் நூலகத்துள் நுழைந்து அவர்களது நூலையே அவர்களுக்கு எதிராகத் திறக்க வல்லவன், சுருக்கத்தை மட்டும் படித்தவன் அல்லன். பால் குடித்தவனுக்கு அந்த அலமாரி எங்கே இருக்கின்றது என்பதே தெரிந்திராது.

மன்னன் நான்காம் பக்ராத்தின் அழைப்பை ஏற்று 1060ஆம் ஆண்டளவில் ஜோர்ஜியாவுக்குச் சென்ற கியோர்கி, சுமார் ஐந்தாண்டுகள் அங்கிருந்தார். குருத்துவப் பதவிகள் பணத்துக்கு விற்கப்பட்டன; பிறப்பால் உயர்ந்தோர் தகுதியின்றி ஆயர்களாயினர். இவற்றை மன்னன் முகத்துக்கு நேரே கண்டித்தார். திரும்பும்போது அவர் செய்த செயல்தான், நம் கேள்விக்கு அவரளித்த மெய்யான விடை என்று கருதுகின்றேன். நாட்டில் அலைந்து திரிந்த அநாதைகளும் ஏழைப் பிள்ளைகளுமாக ஏறத்தாழ எண்பது பேரைத் திரட்டினார். அவர்களைத் தம்முடன் கூட்டிக்கொண்டு கொன்ஸ்தாந்திநோப்பிளுக்கு வந்தார். ஆதோஸ் மலையில் அவர்கள் கல்விபெற வேண்டும் என்பது அவர் நோக்கம். பேரரசன் பத்தாம் கொன்ஸ்தாந்தீன் தூக்காஸின் முன் அப்பிள்ளைகளை நிறுத்தி, அவர்களுக்காக வேண்டினார். அதே பயணத்தில், அந்நகரிலேயே, 1065 யூன் 29இல் உயிர்நீத்தார்.

முன்னொரு காலத்தில் ஜோர்ஜியப் பிள்ளைகள் அந்நகருக்குப் பணயமாகச் சென்றனர். அவர்கள் பிரபுக்களின் பிள்ளைகள். இப்போது சென்றோர் கல்விக்காகச் சென்றனர், அவர்கள் அநாதைகள். நூல்களைத் திருத்தி முழுமையாக்கியவர், அம்முழுமையைப் படிக்கக்கூடியவர்களையும் உருவாக்க முயன்றார். மக்கள் இன்னும் வளரவில்லை என்று சொல்வோர் உலகில் அனேகர். அவர்கள் வளர்வதற்கு நீ என்ன செய்தாய் என்ற கேள்விக்கு எண்பது பிள்ளைகளைச் சுட்டிக்காட்டக் கூடியவர் எத்தனை பேர்?

கியோர்கியை மிகைப்படுத்திப் புகழ்தலும் தவறாகும். அப்பிள்ளைகளுக்கு அவர் கொடுக்க விரும்பியது துறவிகளின் கல்வி. அவர்களை அநாதையாக்கிய பிரபுத்துவ சமுதாயத்தை மாற்றும் எண்ணம் அவருக்கில்லை. அக்காலத்தில் அதனை எதிர்பார்த்தலும் பொருந்தாது. இவிரோனின் நிலங்களில் உழைத்த குடியானவரும் குடியானவராகவே இருந்தனர். ஆயினும், உழைப்பாளரின் வியர்வையில் விளைந்த அறிவில் ஒரு சிறு பங்காவது எளியோரின் பிள்ளைகளுக்குத் திரும்பிச் செல்ல வேண்டும் என்ற உணர்வு அவரிடம் செயலாயிற்று. கடனின் முதற் தவணை என்று அதனைக் கொள்ளலாம்.

5

மூன்றாமவராகிய எப்ரேம் 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கருமலையில் வாழ்ந்தவர். தம்மைச் சிறியவர் என்றே அழைத்துக்கொண்டமையால் சிறிய எப்ரேம் என வரலாறும் அவரைக் குறிக்கின்றது. யூத்திமியஸ் மொழிபெயர்த்த கிரகரியின் பிரசங்கங்களை மூலத்துக்கு ஒட்டி மீண்டும் மொழிபெயர்க்கத் துணிந்தவர். பாலூட்டிய உவமை அத்துணிவுக்குச் சமாதானமாகத்தான் பிறந்தது.

எப்ரேம் செய்த புதுமை, நூலின் ஓரத்திற் குறிப்பெழுதியமையாகும். இச்சொல்லை ஏன் இவ்வாறு பெயர்த்தேன், இங்கே கிரேக்கத்தில் என்ன இருக்கின்றது, முன்னோர் எவ்வாறு பெயர்த்தனர் என்பனவற்றை வாசகனுக்கு எடுத்துரைத்தார். இது புலமையின் நுட்பம் மட்டுமன்று, அறத்தின் வளர்ச்சியுமாகும். மொழிபெயர்ப்பாளன் தன் வேலையைத் திறந்து காட்டும்போது, நீயும் என்னைப்போல் நிதானித்து முடிவுசெய்யத் தக்கவன் என்று வாசகனிடம் கூறுகின்றான். குழந்தைக்கு யாரும் அடிக்குறிப்பு எழுதுவதில்லை.

இவ்விதை வீண்போகவில்லை. 1106இல் மன்னன் தாவீது நிறுவிய கெலாத்தி மடம் பெரும் கல்விக்கூடமாக விளங்கிற்று. யூத்திமியஸின் சிறிய சட்டத் தொகுப்புக்குப் பதிலாக, இக்காலத்தோராகிய அர்சேன் பெரிய சட்டத் தொகுப்பை மொழிபெயர்த்தளித்தார். சமய எல்லையைத் தாண்டி, புரோக்ளுஸ் என்னும் கிரேக்கத் தத்துவ ஞானியின் நூலை இயோவானே பெத்ரித்சி ஜோர்ஜிய மொழியில் ஆக்கினார்.

ஆயின் இங்கே வேறொரு ஆபத்துத் தலைதூக்கிற்று. மூலத்தின்மீது கொண்ட பற்று மிக, மிக, ஜோர்ஜிய வாக்கியம் கிரேக்க வாக்கியத்தின் நிழலாயிற்று. பெத்ரித்சியின் நடை, கிரேக்கம் அறியாத ஜோர்ஜியனுக்கு எளிதில் விளங்காத நடை. முழுவதையும் கொடுத்துவிட்டேன் என்று அறிஞன் கூறுகின்றான். ஆயின் உண்ண வேண்டியவன் வாயில் அது நெல்லாகவே விழுகின்றது. மக்களை ஏய்க்க இரு வழிகள் உண்டு. ஒன்று, அவர்களுக்கு விளங்காது என்று மறைத்தல். மற்றொன்று, அவர்களுக்கு விளங்காதபடி சொல்லிவிட்டு, சொல்லிவிட்டேன் என்று கைகழுவுதல். இரண்டும் அறிவை ஒரு சிலரின் உடைமையாகவே வைத்திருக்கின்றன. மொழியின் இயல்பைக் குலைக்காது முழுமையைத் தர முயன்றமையாலேயே, பொதுமக்கள் அன்றாடம் ஓதிய சங்கீதம் கியோர்கியின் சங்கீதமாயிற்று.

6

ஆகவே, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு நாம் காணும் விடை யாது?

எளிமைப்படுத்துதல் பாவமன்று. அது பல வேளைகளிற் கடமையுமாகும். ஆயின் எளிமைப்படுத்துபவன், இது முழுமையன்று, இதற்கப்பால் இன்னும் உண்டு, அதற்கு வழி இது என்று சொல்லக் கடமைப்பட்டவன். சொல்லாவிடின் அவன் கொடுப்பது உணவன்று, மயக்க மருந்து. அதனினும் மேலாக, தன் சுருக்கம் தேவைப்படாத ஒரு நாளை நோக்கி அவன் உழைக்க வேண்டும். பாலூட்டுதலின் நோக்கம் பிள்ளை பால்மறத்தலே. பிள்ளை என்றும் பிள்ளையாகவே இருக்க வேண்டும் என்று உள்ளூர விரும்புபவள் தாயாகாள். மக்கள் என்றும் மாணவராகவே இருக்க வேண்டும் என்று விரும்புபவன் ஆசிரியனாகான்.

இவ்விடையை இடதுசாரிகளாகிய நாம் பிறருக்கு மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிவிட முடியாது. பேரறிஞர்களின் நூல்களைப் படியாது, அவற்றின் சுருக்கங்களின் சுருக்கத்தைச் சிறு பிரசுரங்களிற் படித்துவிட்டு, அதனையே மக்களுக்கு வேதமாக ஓதியோர் நம்மிடையேயும் இருந்தனர், இருக்கின்றனர். தொழிலாளிக்கு இவ்வளவு போதும் என்று சொன்ன தோழரின் குரலில், எல்லைப்புற மக்களுக்கு இவ்வளவு போதும் என்ற பேரரசின் குரல் ஒலிக்கவில்லையா? தேர்வுக்கு வரக்கூடிய பத்து விடைகளை எழுதிக் கொடுத்துவிட்டு, மூல நூலை மாணவன் தொடாதவாறு பார்த்துக்கொள்ளும் வகுப்பறையிலும் அதே குரல்தான் ஒலிக்கின்றது.

14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவிரோன் மடத்தின் ஆட்சி கிரேக்கரின் கைக்குச் சென்றது. நிலமும் கட்டடமும் கொடைகளும் கைமாறின. கியோர்கி திருத்திய சங்கீதமோ ஜோர்ஜிய மக்களிடமே இருந்தது. அடுத்த முறை ஒரு நூலைச் சுருக்கி மாணவர்முன் வைக்கும்போது, இதன் மூலம் இன்னது, நான் விட்டது இன்னது, இதனை நீங்களே படித்துப் பாருங்கள் என்று ஒரு வரியை நாம் கரும்பலகையின் ஓரத்தில் எழுதுவோமா? எழுதுவதற்கு ஒரு நிமிடம் போதும். எழுதியபின், அந்நூல் மாணவரின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றதா என்று பார்ப்பதும் நம் கடமையே.